சரோஜாவின் வலது காதெலும்பு

அனுப்புநர்:
மு. தணிகாசலம்,
பவர் பிரஸ் ஆபரேட்டர்,
பிள்ளையார் கோயில் தெரு,
நல்லான்மேடு கிராமம், வல்லக்கோட்டை வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்,
செங்கை அண்ணா மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: காலஞ்சென்ற என் மனைவி சரோஜாவின் உடலை நல்லான்மேடு இடுகாட்டிலிருந்து தோண்டி, வலது காதெலும்பை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒப்படைக்க அனுமதி வேண்டுதல் – அதற்குக் குறுக்கே நிற்கும் என் மைத்துனர் மணிமங்கலம் கோ. நரசிம்மன் மீது புகார் – வருகிற திங்கட்கிழமைக்கு முன் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தின் அருமை தெரிந்தும் நீளமாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்லிப் பார்த்த இடங்களில் எல்லாம் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1. இந்த மனு என் கைப்பட எழுதியது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, "பொணத்தைத் தோண்டற மனுவா? இன்னும் போணியே ஆவல, நகருய்யா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இடையில் எங்காவது கோபம் தலைகாட்டினால் அது தங்கள் மீது அல்ல என்றும் கொள்ளவும்.

2. என் மனைவி சரோஜா மணிமங்கலத்தில் பிறந்தவள். எங்களுக்கு ஒரே மகள், சுபஸ்ரீ. அவள் பிறந்த பிறகுதான் சரோஜாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. பச்சை உடம்பில் தலைக்கு ஊற்றிக்கொண்டதால் சளி இறங்கிவிட்டது என்றார்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினோம், வேப்பிலைப் புகை காட்டினோம், வல்லக்கோட்டை முருகனுக்கு வெள்ளியில் காது செய்து போட்டோம். ஒன்றும் பலிக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. வீட்டில் அடுப்படியில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. ஆனால் பஸ்ஸில், ரைஸ் மில்லில், மேளம் கொட்டும் கல்யாண வீட்டில், எங்களுக்கே காதில் விழாத பேச்செல்லாம் அவளுக்குத் தெளிவாக விழும். இதைப் பார்த்த என் தாயார் அவளுக்கு வைத்த பெயர் 'காரியச் செவிடு'. "பஸ்ல பேசனா கேக்குது, நான் தண்ணி கேட்டா கேக்கலியா? நடிப்புடி எல்லாம்" என்பார். தெருவும் அதையே சொன்னது. சரோஜா எதிர்த்துப் பேசியதில்லை. அவள் குரல் வரவர மெல்லியதாகிக்கொண்டே போனது. அதுவும் அழுத்தம் என்று பேசப்பட்டது.

பின்னாளில் ஒரு மருத்துவர் விளக்கியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. இந்த நோய்க்காரர்கள் எல்லோருக்குமே இரைச்சலில் நன்றாகக் கேட்குமாம். தம் குரலே தமக்குப் பெரிதாகக் கேட்பதால் மெல்லப் பேசுவார்களாம். அவளை நடிப்புக்காரி என்று காட்டிய இரண்டு அடையாளங்களும் நோயின் அடையாளங்களாம். அதைக் கேட்கும்போது என் தாயார் உயிருடன் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

3. 1979ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மருத்துவமனையில் அவளுடைய இடது காதில் ஆபரேஷன் செய்தார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை எழுத விரும்பவில்லை. காதுக்குள் நொய்யரிசி அளவில் ஓர் எலும்பு இருக்கிறதாம். அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும். இவளுக்கு அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு பொருத்தினால் கேட்கும் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கேட்கிறதாம். இவளுக்குக் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று இடது காதில் இருந்த கொஞ்சநஞ்சக் கேட்கும் சக்தியும் அடியோடு போயிருந்தது. தலை கிறுகிறுப்பு அடங்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. அதன் பிறகு யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள்.

4. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டர் லீலா என்பவரைப் பார்த்தோம். காதெலும்பு நோய்களை ஆராய்ச்சி செய்பவர். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் வேறெந்த இடத்தில் நோய் என்றாலும் ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிடலாம். உள்காதை மட்டும் அப்படிப் பார்க்க முடியாது. அது தலையின் பக்கவாட்டு எலும்புக்குள் பொதிந்து கிடக்கிறது. பார்க்கக் கை வைத்தாலே கேட்கும் சக்தி போய்விடும். ஆகையால் காது நோயுள்ளவர்கள், தாங்கள் இறந்த பிறகு அந்த எலும்பைக் கொடுத்தால்தான் நோய் என்ன செய்தது என்று பார்க்க முடியும். வெளிக்காதை அறுக்க மாட்டார்கள், முகம் கெடாது, பார்ப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது என்றார்.

சரோஜா யோசிக்கவே இல்லை. இரண்டு காதெலும்பையும் தருவதாக அங்கேயே கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது தாம்பரம் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "உயிரோட இருக்கச் சொல்ல யாரும் நம்பல. செத்தப்புறமாவது தொறந்து பாக்கட்டும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

5. 1988ஆம் ஆண்டு மஞ்சள் காமாலை முற்றி, அதே அரசு மருத்துவமனையில் என் மனைவி இறந்தாள். டாக்டர் லீலா தாமே வந்து துக்கம் கேட்டுவிட்டு, அவள் ஒப்புக்கொண்டதை நினைவுபடுத்தி, உறவினர்களின் சம்மதம் கேட்டார்.

இங்கே எங்கள் வகையறா வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். நாங்கள் எரிப்பதில்லை, புதைப்போம். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், குழியில் இறக்குவதற்கு முன் அவள் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை குனிந்து, அவள் காதில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறந்த வீட்டுக் குரல் கேட்காமல் போனால் அந்த உயிர் வழி தெரியாமல் புருஷன் வீட்டுத் தெருவிலேயே நிற்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. சரோஜாவுக்கு அந்த உரிமை உள்ளவர் அவளுடைய ஒரே தம்பி, இந்த மனுவின் எதிர்மனுதாரர் நரசிம்மன்.

அவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன். "டாக்டரம்மா, எங்கக்காவுக்கு எடது காது செத்து எத்தினியோ வருசமாச்சு. கேக்கறது வலது ஒண்ணுதான். அதையும் நீங்க எடுத்துக்கினா நான் எந்தக் காதுல கூப்புடுவேன்? எடதை எடுத்துக்குங்க, புண்ணியமாப் போவும். வலதை வுட்டுடுங்க."

அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோரும் நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். அம்மா இரண்டையும் தருவதாகச் சொன்னார்களே என்று டாக்டர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். துக்க வீட்டாரிடம் அதற்கு மேல் யார்தான் வாதாடுவார்கள்? இடதை மட்டும் எடுத்துக்கொண்டார். கேட்காத காதை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு, கேட்கிற காதை ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தோம். இடுகாட்டில் எதிர்மனுதாரர் குனிந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்ட குரலை அன்று கேட்டவர்கள் யாரும் அவரைத் தப்பு சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. அப்போது யாருக்குத் தெரியும்?

6. கொடுத்த எலும்பை மருந்தில் ஊறவைத்து, இளக்கி, வெங்காயச் சருகு போல மெல்லியதாகச் சீவிப் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பார்த்துவிட்டு டாக்டர் லீலா எனக்குத் தபால் போட்டு வரவழைத்தார். இடது காதுக்குள் பழைய ஆபரேஷனின் தழும்பு முழுவதையும் மூடிவிட்டது, இதில் நோய் செய்தது எது, கத்தி செய்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார். வலது காது கத்தி படாதது, அதுதான் வேண்டியிருந்தது என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போனது போனதுதானே என்று அப்போது நினைத்தேன். அந்த எலும்புக்கு இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தெரியாது.

7. ஐயா, என் மகள் சுபஸ்ரீயை வாலாஜாபாத்தில் கொடுத்திருக்கிறேன். நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ லீவு முடிந்து வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள், சாப்பாட்டுப் பையைக் கொடுக்க நான் நின்றிருந்த, இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் பக்கம் வந்தாள். பெரிய பிரஸ் ஓடும்போது எங்கள் லைனில் யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். நான் பழக்கம் மறந்து, "கொயந்தை காலைல பால் குடிச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து ஆபரேட்டர் "இன்னா? இன்னா?" என்று கையை ஆட்டினார். என் மகள், "குடிச்சுதுப்பா, ஆனா கக்கிடுச்சு" என்று அமைதியாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அதற்கும் அவள் திரும்பவில்லை. உள்ளேயிருந்து அவள் மாமியார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது உங்க பொண்ணுக்கு" என்று விளையாட்டாகச் சொன்னார். அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் நான் அங்கே காபி கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

8. டாக்டர் லீலாவிடம் அழைத்துப் போய்ச் சோதித்தோம். அம்மாவுக்கு வந்ததேதான். இரண்டு காதும். இன்னொரு பிள்ளை பெற்றால் வேகமாக மோசமாகலாமாம். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் கேட்கும். ஆனால் அம்மாவுக்கு ஏன் அடியோடு போனது என்பதுதான் கேள்வி. அன்று கத்தி பிடித்தவரின் கைப்பிசகா, அல்லது இந்த வம்சத்தில் உள்காதின் அமைப்பே வேறு மாதிரி இருந்து, திறந்ததும் உள்ளே இருக்கும் நீர் பீறிட்டுக் கேட்கும் சக்தி போய்விட்டதா? முதலாவது என்றால் சுபஸ்ரீக்குத் தைரியமாகச் செய்யலாம். இரண்டாவது என்றால் அவள் காதில் கை வைக்கவே கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் உறுதியாகத் தெரியவில்லை.

வலது காது இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று டாக்டர் மறுபடி சொன்னார். புதைத்து மூன்று வருடம் ஆகிறதே, இனி என்ன இருக்கும் என்று நான் கேட்டேன். "உடம்பிலேயே கெட்டியான எலும்பு அதுதான். சதை போயிருக்கும், எலும்பின் அமைப்பு அப்படியே இருக்கும், எனக்கு அது போதும்" என்றார். நிச்சயமாக விடை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். நேர்மையான மனுஷி. அவர் தந்த கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

9. அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊருக்குப் பின்னால் புதிதாக வரும் ஒரு தொழிற்சாலைக்கு லாரி போக வழி வேண்டும் என்று இடுகாட்டின் கிழக்கு ஓரத்தைச் சமன் செய்யப் போகிறார்கள். புல்டோசர் வந்து நிற்கிறது. மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். சரோஜாவின் குழி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. தொழிற்சாலை வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேலை, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மேலே கருங்கல் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிய பிறகு யார் தோண்டுவது?

இது பற்றி முதலில் கீழ் அலுவலகம் ஒன்றில் மனுக் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று எழுதி யார் பிழைப்பிலும் மண்ணைப் போட விரும்பவில்லை. கடந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த கொடுமைக்குப் பிறகு இங்கே எல்லோரும் பயந்துபோய் இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கிருந்த எழுத்தர், "யோவ், இந்த ஊர்ல, இந்த வருசத்துல, குழி தோண்டணும்னு மனு எழுதிகினு வந்துகீறியே, உனக்கு இன்னா தகிரியம்? போலீசு உன்னையும் தூக்கும், வாங்கி வெச்ச என்னையும் தூக்கும்" என்றார். பிறகு மனம் இளகி, பிறந்த வீட்டார் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். ஆட்சேபணை இருக்கிறதே.

10. இனி எதிர்மனுதாரர் பற்றி. நரசிம்மன் மணிமங்கலத்தில் பம்ப்செட், டீசல் இன்ஜின் பழுது பார்ப்பவர். முன்கோபி. பிடித்தால் உடும்புப் பிடி. சம்மதம் கேட்டு நான் போனதும் கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறிந்தார். என் மேல் அல்ல, சுவர் மேல். "எங்கக்காவை நிம்மதியாத் தூங்க வுட மாட்டியா மாமா? குழியில மண்வெட்டி பட்டுது, நான் உள்ள எறங்கிப் படுத்துக்குவேன், என்னையும் சேத்து மூடிடு" என்று கத்தினார். சொன்னால் செய்வார். ஆகையால் அவர் மீது புகார் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். அந்தப் புகாரை எழுதத்தான் காகிதம் வாங்கினேன். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

11. போன வாரம் அவரே என்னைத் தேடி தொழிற்சாலை கேட்டுக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலிருந்து "மச்சான்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பினார், இவர் திரும்பவில்லை. நான் முன்னால் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஐயா, அவருக்கும் அதே நோய். எத்தனை வருடமாக என்று அவருக்கே தெரியவில்லை. கெட்டுப்போன இன்ஜினில் ஸ்குரு டிரைவரை வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்பார். எலும்பு வழியாகக் கேட்கிறது. அந்த வழி கெடவில்லையாம். அதனால்தான் தொழில் ஓடுகிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் கூப்பிட்டால் திரும்பாததைத் திமிர் என்றே அவர் மனைவி கங்கா நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். திமிர் என்றே இருக்கட்டும் என்று இவரும் விட்டுவிட்டார். ஆம்பளைக்குச் செவிடு என்ற பெயரைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் மேல் என்று நினைத்தாராம். முட்டாள்தனம்தான். ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்வேன்?

அவர் எதற்கு வந்தார் என்பதை அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன். "மாமா, அன்னிக்கு அக்கா காதை நான்தான் தடுத்தேன். அதனால இன்னிக்கு சுபாவுக்குக் கஷ்டம். அதுக்காக அவளைத் தோண்ட வுட மாட்டேன், அது மட்டும் என்னால ஆவாது. ஆனா அதே ரத்தம்தானே எனக்கும் ஓடுது? என் காதைத் தொறக்கச் சொல்லு. எனக்குக் கேட்டுச்சுன்னா சுபாவுக்கும் பண்ணுங்க. போச்சுன்னா அவளை வுட்டுடுங்க. அவ்ளோதான், இதுல இன்னா கீது?"

நான் திட்டினேன். தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதி அவருக்குக் கேட்டிருக்காது. மீதிக்கு அவர் அசையவில்லை.

12. மறுநாளே அவர் டாக்டர் லீலாவிடம் போய்ப் படுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் அக்காவின் எலும்பைப் பார்த்துவிட்டால் உங்களுக்குச் செய்யலாமா கூடாதா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்றிருக்கிறார். இவர், "நீங்க பண்ணலேன்னா வேற எடத்துல பண்ணிக்குவேன்" என்று கிளம்பியிருக்கிறார். தெரியாத கையில் போய் விழுவதைவிடத் தம் கையிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் அவரைச் சேர்த்துக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். இதை டாக்டர் என்னிடம் சொல்லும்போது அவர் முகம் சரியாக இல்லை.

அவருடைய காது போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. சரோஜாவுக்கு நடந்தது போல அடியோடு போனால், எலும்பு வழியாகக் கேட்பதும் அந்தப் பக்கம் போய்விடும். இன்னொரு காதும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று பிறகு யார் அவருக்குச் சொல்வார்கள்? என் மகளுக்கு இந்தத் திட்டம் தெரியாது. தெரிந்தால் தனக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று முரண்டு பிடிப்பாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் அவளுக்குக் காது குத்தினோம். அவர் காதை விலையாகக் கொடுத்து வாங்கிய கேட்கும் சக்தியை வைத்துக்கொண்டு அவள் எப்படி நிம்மதியாக இருப்பாள்?

இறந்தவளின் எலும்பு மண்ணுக்குள் யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது. அதை எடுத்தால் அவளுக்கு வலிக்காது. உயிரோடு இருக்கும் மனிதன் தன் காதைச் சோதனைக்குக் கொடுக்க வரிசையில் நிற்கிறான். இதில் எது பாவம் என்று பெரியவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தவரை, இரண்டு காதையும் தருவதாகச் சொன்னவள் சரோஜா. அவள் சொல்லை நாங்கள் பாதிதான் காப்பாற்றினோம். அந்த வருத்தம் எனக்கு உண்டு. எதிர்மனுதாரருக்கு என்னைவிட அதிகம் உண்டு. அதனால்தான் இந்தக் கிறுக்குத்தனம்.

13. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

தாசில்தார், டாக்டர் லீலா ஆகியோர் முன்னிலையில் என் மனைவியின் குழியைத் தோண்டி வலது காதெலும்பை மட்டும் எடுக்கவும், மற்றதை முறைப்படி வேறிடத்தில் அடக்கம் செய்யவும் அனுமதி தர வேண்டும். அதுவரை கிழக்கு ஓரத்தில் புல்டோசர் இறங்காமல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிர்மனுதாரரின் ஆட்சேபணையைத் தாங்கள் கேட்டு, தள்ளிவிட வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார். டாக்டர் சொன்னாலும் கேட்கவில்லை. அரசாங்க முத்திரை குத்திய காகிதத்துக்கு அவர் கட்டுப்படுவார். மின்வாரியக் காகிதத்தையே சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆள்.

முழு உத்தரவு தர நாள் ஆகும் என்றால், மனு பரிசீலனையில் இருக்கிறது, முடிவு தெரியும்வரை ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது என்று அவருக்கு ஒரு வரி எழுதினாலும் போதும். தங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதனால் பாதகமில்லை.

பொருள் என்ற இடத்தில் புகார் என்று எழுதியிருந்தாலும், எதிர்மனுதாரர் மீது வழக்கோ, எச்சரிக்கையோ, போலீஸ் விசாரணையோ வேண்டாம். அவரை அலுவலகத்துக்கு அழைத்தால் எதிரே உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பேசும்படி தங்கள் ஊழியர்களிடம் சொல்லவும். யாரும் அவரைப் பார்த்துக் கத்த வேண்டாம்.

மனு வாங்கும் நாள் திங்கட்கிழமைதான் என்று வாசலில் டவாலி போட்ட சேவகர் சொன்னார். திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாததால் இன்று நேரில் வந்து, தாங்கள் காரில் ஏறும் இடத்தில் நிற்கிறேன். அத்துமீறல் என்றால் மன்னிக்கவும்.

அனுமதி தர இயலாது என்று தாங்கள் முடிவு செய்தால், அதையும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். தொழிற்சாலையில் நான் லீவு சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்துகொள்பவருடன் சொந்தக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு யார் வருவார்கள் என்று கேட்டதற்கு எதிர்மனுதாரர் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்.

தங்கள் ஒரு சொல்லை நம்பி வாசலில் நிற்கும்,

(ஒப்பம்)
மு. தணிகாசலம்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18.9.1991

இணைப்பு: டாக்டர் லீலா அவர்களின் கடிதம்.